மீன் பாட்டும் மின் கிற்றாரும்

உலகிலே தொழில்கள் பல உண்டு. அவற்றுள் ஒரு தொழிலைச் செய்து முடித்துக் கை கழுவும்போதே, "அதுசரி தம்பி, நீங்க என்ன வேலை பாக்கிறீங்க?" என்று கேட்கப்படுவது ஒன்றே ஒன்றுதான். அது வாத்தியம் வாசிக்கும் தொழில்.

1975ஆம் ஆண்டிலே மட்டக்களப்பு வாவிக்கரையிலுள்ள ஒரு கல்யாண வீட்டில் நம்மிடம் இந்தக் கேள்வி கேட்கப்பட்டது. மூன்று மணி நேரம் நின்றபடி கிற்றார் வாசித்து, விரல் நுனி கன்றிப்போய், சட்டை முதுகோடு ஒட்ட, பந்தியிலே குந்தியிருந்தோம். பக்கத்து இலைக்காரர் வயதிலே பெரியவர். நம் வாசிப்புக்குத் தலையை ஆட்டி ரசித்தவர். அவர்தாம் அப்படிக் கேட்டார். நாம் சற்றும் தயங்காமல், "கச்சேரியிலே" என்று மறுமொழி சொன்னோம். அவர் முகம் மலர்ந்துவிட்டது. நம் நாட்டிலே அரசாங்க அதிபரின் அலுவலகத்துக்கும் கச்சேரி என்றுதான் பெயர். அவர் அதனை நினைத்தார். நாம் இதனை நினைத்தோம். பொய்யும் சொல்லவில்லை, மெய்யும் சொல்லவில்லை.

ஐம்பது ஆண்டுகளாக நகைச்சுவைக் கதையாகவே இதனைச் சொல்லி வந்தோம். சென்ற மாசி மாதத்திலேதான் அது நகைப்புக்குரிய கதை அன்று என்பது விளங்கிற்று.

நம் மகள் ஒரு மாலையில் வந்தாள். வந்தவள் தேநீரைக்கூட வாங்காமல், "அப்பா, அவன் உங்கட சொல்லைத்தான் கேப்பான். சோதினைக்கு இன்னும் ஆறு மாதம்தான் இரிக்கு. அந்தக் கிற்றாரை மூடி வைக்கச் சொல்லுங்க" என்றாள். அவன் என்பது நம் பேரன். க.பொ.த. உயர்தரத்திலே விஞ்ஞானம் பயில்பவன். வகுப்புத் தோழர் மூவரோடு சேர்ந்து 'ரொக்' இசைக்குழு ஒன்றை அமைத்திருக்கிறான். எங்கிருந்தோ பழைய மின் கிற்றார் ஒன்றை வாங்கி, பகலெல்லாம் அதன் தந்திகளை உலுக்கி எடுக்கிறான். படிப்பை முடித்து உத்தியோகம் பார்ப்பது தன் எண்ணம் அன்றென்றும், வாசித்தே பிழைக்கப் போவதாகவும் தாயிடம் சொல்லியிருக்கிறான்.

"சொல்லுகிறோம்" என்று வாக்களித்துவிட்டோம். அவள் போன பின்புதான் சிக்கல் தெரிந்தது. வாசித்துப் பிழைப்பதைப் பற்றி ஒருவனுக்குப் புத்தி சொல்ல வேண்டுமானால், வாசித்துப் பிழைத்த நம் வாழ்வின் கணக்கை முதலில் நாமே பார்த்தாக வேண்டும் அல்லவா? அந்தக் கணக்கைத்தான் வாசக நேயர்களின் முன் வைக்கிறோம்.

ஏறத்தாழ 56 கிலோமீட்டர் நீண்டு கிடக்கும் நம் வாவிக்கு இரு கரைகள். கடலை ஒட்டியது எழுவான்கரை. சூரியன் மறையும் பக்கத்து வயல்நாடு படுவான்கரை. நம் தந்தையார் எழுவான்கரையிலே பள்ளி ஆசிரியர். தாய்வழிப் பாட்டனாரோ படுவான்கரையிலே கூத்துக்கு மத்தளம் அடித்தவர். அறுவடை முடிந்த காலத்திலே வட்டக் களரி போட்டு, விடிய விடிய வடமோடிக் கூத்து நடக்கும். சதங்கை கட்டிய கால்கள் மண்ணை மிதிக்கும் ஓசையும், சல்லரியும், பாட்டனாரின் மத்தளமும் ஒன்றாகக் கேட்கையில், களரி ஓரத்திலே பாயில் படுத்திருந்த நமக்குத் தரை வழியாகவே அந்தத் தாளம் முதுகிலே ஏறும். காதால் கேட்குமுன் முதுகால் கேட்ட இசை அது.

எழுவான்கரைக்கு வந்தால் வேறொரு தாளம். 1628இலே போர்த்துக்கேயர் மட்டக்களப்பிலே கோட்டை கட்டினார்கள்; பத்தே ஆண்டுகளில் ஒல்லாந்தர் அதனைக் கைப்பற்றினார்கள். கோட்டை கைமாறியது, ஆயினும் போர்த்துக்கேய வழித்தோன்றல்களான பறங்கியர் இங்கேயே தங்கி, தச்சு வேலை, கம்மாலை வேலை முதலிய கைத்தொழில்களிலே சிறந்து, தம் கலப்பு மொழியையும் 'கபிரிஞ்ஞா' ஆட்டத்தையும் காப்பாற்றி வந்தார்கள். நம் வீட்டுக்கு நான்கு வளவு தள்ளித் தச்சுப் பட்டறை வைத்திருந்த ஒரு பறங்கியப் பெரியவர் நன்றாகப் பிடில் வாசிப்பார். சீவுளியைக் கீழே வைத்த கையோடு பிடிலை எடுப்பார். ஆறு எண்ணிக்கை, மூன்று மூன்றாகப் பிரிந்து ஓடும் அந்தத் தாளத்தைக் கேட்டுக் கால் அசையாமல் நின்றவரை நாம் கண்டதில்லை. இந்தத் தாளத்தைத்தான் கொழும்பிலே வொலி பஸ்தியன் என்னும் பொலிஸ்காரர் சிங்களப் பாட்டிலே ஏற்றிப் 'பைலா' இசையை நாடறியச் செய்தார்.

பன்னிரண்டு வயதிலே நாம் அந்தப் பட்டறை வாசலிலே போய் நின்றோம். "பழக்கித் தாங்க" என்று கேட்டோம். அவர் பிடிலைத் தரவில்லை. மரத்தூள் கூட்டும் விளக்குமாற்றைத் தந்தார். "கையைப் பிறகு பழக்கலாம் தம்பி. முதல்ல காதைப் பழக்கு" என்றார். ஆறு மாதம் கூட்டினோம். ஆறு மாதம் கேட்டோம். அதன் பின் அவரே பழுதான ஒரு கிற்றாரை ஒட்டித் திருத்தி நம் கையிலே தந்தார்.

அது 1960களின் பிற்பகுதி. அந்நாளில் வானொலிப் பெட்டியே இளைஞரின் பாடசாலை. சிங்கள இசையிலே கிளாரன்ஸ் விஜேவர்த்தன மின் கிற்றாரைக் கொண்டுவந்திருந்தார். சற்றுப் பின்னர் தமிழிலும் 'பொப்' பாட்டுக்கள் எழுந்தன. நித்தி கனகரத்தினத்தின் 'சின்ன மாமியே' ஒலிக்காத தேநீர்க் கடை இல்லை. ஏ. ஈ. மனோகரனின் 'சுராங்கனி' கடலையும் கடந்தது. 1977இலே வெளிவந்த தமிழ்நாட்டுத் திரைப்படம் ஒன்றிலும் ஏறியது. அது மீனைப் பற்றிய பாட்டு என்பதை நினைக்குந்தோறும் நமக்கு ஒரு பெருமை. மீன் பாடும் தேன்நாட்டிலே, மீனைப் பாடும் பாட்டுக்குத் தாளம் சொல்லியா தரவேண்டும்? 2018இலே மனோகரன் சென்னையிலே காலமானபோது நம் இளமையின் ஒரு பகுதியும் அவரோடு போனதாகவே உணர்ந்தோம்.

1972இலே ஐவர் சேர்ந்து குழு அமைத்தோம். தந்தையார் கிற்றாரை உடைக்கவில்லை; திட்டவுமில்லை. ஓராண்டு காலம் நம்மோடு பேசாதிருந்தார். அடித்திருந்தாலும் அத்துணை வலித்திராது. இறக்குமதி இறுகியிருந்த காலம் அது. தந்தி அறுந்தால் புதுத் தந்தி கிடையாது. துவிச்சக்கர வண்டியின் தடைக் கம்பியைப் பிரித்து, அதிலிருந்து ஒற்றை இழையை உருவித் தந்தியாகக் கட்டிய நாள்களும் உண்டு. சுருதி நில்லாது, விரல் கிழியும். அப்படியும் வாசித்தோம். ஓர் இரவு வாசித்தால் ஆளுக்கு 25 ரூபாய். மழை பெய்து பந்தல் நனைந்தால் அதிலும் பாதி. அந்த வருவாயிலே குடும்பம் நடத்த முடியாதென்று கண்டு, பகலிலே வானொலிப் பெட்டி திருத்தும் தொழிலைப் பழகினோம். உண்மையைச் சொன்னால், நாற்பது ஆண்டுகள் நமக்குச் சோறு போட்டது பற்றாசு வைக்கும் கோல்தான், கிற்றார் அன்று.

இதனை எழுதியபோது பேரனுக்குச் சொல்ல வேண்டிய புத்தி கிடைத்துவிட்டதாகவே எண்ணினோம். ஆனால் கணக்கு அத்தோடு முடியவில்லை.

1978 நவம்பர் 23ஆந் திகதி இரவு சூறாவளி வந்தது. கிழக்கிலங்கையில் அன்றிரவை அறிந்தவர் எவரும் அதனை மறக்க மாட்டார். தொள்ளாயிரத்துக்கும் மேற்பட்ட உயிர்கள் போயின. தென்னந்தோப்புகள் சீப்பால் வாரியதுபோல் ஒரே திசையிலே படுத்துக் கிடந்தன. நம் குழுவின் ஒலிபெருக்கியும் பறையும் மேளமும் வெள்ளத்தில் போயின. கூரை இழந்த வீட்டின் மூலையிலே, அலுமாரிக்கு மேல் இருந்த மின் கிற்றார் மட்டும் தப்பியது. மின்கம்பங்கள் சாய்ந்து கிடந்தமையால் ஊர் முழுவதும் இருட்டு.

மின் கிற்றார் எவ்வாறு பேசுகிறது என்பதை மாணவ நேயர்களுக்குச் சொல்வது இங்கே பொருந்தும். அதற்குச் சாதாரணக் கிற்றாரைப் போலக் குடம் இல்லை. கட்டை மரந்தான் உடல். தந்திகளின் கீழே காந்தமும், காந்தத்தைச் சுற்றி நுண்ணிய செப்புக் கம்பிச் சுருளும் இருக்கும். இரும்புத் தந்தி அதிரும்போது காந்தப் புலம் அசைகிறது. சுருளிலே மிகச் சிறு மின்னோட்டம் பிறக்கிறது. அதனை ஒலிபெருக்கி பன்மடங்கு பெருக்கித் தருகிறது. மின்சாரம் இல்லையேல் மின் கிற்றார் அரை ஊமை. அருகே இருப்பவனுக்கும் கொசுவின் ஓசைதான் கேட்கும்.

அந்த இருட்டிலே ஓர் இரவு, செய்வதறியாது கிற்றாரை மடியிலே வைத்து, அதன் மரக்கொம்பிலே தாடையைப் பதித்து ஒரு தந்தியை மீட்டினோம். என்ன ஆச்சரியம்! காற்று வழியாகக் கேளாத ஓசை, எலும்பு வழியாக முழுதாகக் கேட்டது. ஊமை என்று எண்ணியிருந்த மரம் நம் மண்டைக்குள்ளே பாடியது. நம் வாவி மீனவர் துடுப்பை நீரிலே இறக்கி, அதன் மேல்நுனியிலே காதை வைத்துக் கேட்பார்களே, அதுவும் இதுவே என்பது அந்தக் கணத்திலே பளிச்சிட்டது.

மட்டக்களப்பின் பாடும் மீனைப் பற்றிக் கேள்விப்படாதவர் இலர். ஆங்கிலேய அரசின் செயலாளராக இருந்த சேர் ஜேம்ஸ் எமர்சன் ரெனன்ற் 1848இலே இங்கு வந்து, நிலவிலே படகேறி அந்த ஓசையைக் கேட்டார். கண்ணாடிக் கிண்ணத்தின் விளிம்பை ஈரவிரலால் தேய்த்தால் எழும் மெல்லொலிக்கு அதனை ஒப்பிட்டு, 1859இலே வெளிவந்த தம் நூலிலே எழுதி வைத்தார். படகின் மரத்திலே காதைப் பதித்தபோது ஒலி வலுத்தது என்பதும் அவர் கண்ட செய்தி. அக்கால மீனவர் அது ஊரி எழுப்பும் ஒலி என்று அவரிடம் கூறினராம். மீனா, ஊரியா என்னும் வழக்கு இன்றும் தீர்ந்தபாடில்லை. ஆனால் துடுப்பின் வித்தை விளங்காததன்று. நீருக்குள் பிறந்த ஒலியிலே பெரும்பகுதி நீரின் மேற்பரப்பிலே மோதித் திரும்பிவிடுகிறது. காற்றுக்குள் வருவது அற்பம். நீரிலிருந்து மரம், மரத்திலிருந்து எலும்பு என்று தொட்டுத் தொட்டு வந்தால் அது நம்மை வந்தடையும்.

அதன் பின் பல இரவுகள் வாவிக்கரையிலே குந்தி, மரத்திலே தாடையை வைத்தபடி வாசித்தோம். எவருக்கும் கேளாத வாசிப்பு. கேட்பார் இல்லாதபோது பிறர் பாட்டை வாசிக்க வேண்டிய தேவையும் இல்லை. கை தன்போக்கிலே ஒரு மெட்டைத் தேடியது. சில கிழமைகளில், 1979 தை பிறந்தபோது, முழு மெட்டாக அது அமைந்துவிட்டது. அமைந்த உடனே ஐயமும் பிறந்தது. இது நம்முடையதுதானா? எங்கோ கேட்டதைக் கை திருடி வந்ததோ?

இந்த ஐயம் பெரியவர்களுக்கும் வந்திருக்கிறது. பீற்றில்ஸ் குழுவின் போல் மக்கார்ட்னிக்கு, 1965இலே வெளிவந்த அவருடைய புகழ்பெற்ற 'யெஸ்ரடே' பாட்டின் மெட்டு உறக்கத்திலே வந்ததாம். விழித்ததும் பியானோவிலே வாசித்துப் பார்த்தவர், இத்துணை இயல்பாக வந்தது பிறருடையதாகத்தான் இருக்கும் என்று பயந்து, காண்பவரிடமெல்லாம் வாசித்துக் காட்டி, "இதனைக் கேட்டிருக்கிறீர்களா?" என்று வாரக்கணக்கிலே விசாரித்தாராம். எவரும் உரிமை கோராத பின்புதான் தம்முடையது என்று நம்பினார்.

நாமும் பட்டறைப் பெரியவரிடம் போனோம். கூரைக்கு ஓலை கட்டிக்கொண்டிருந்தவர் இறங்கி வந்து, கண்ணை மூடிக் கேட்டார். பின்பு, "நான் கேட்டதில்ல தம்பி. ஆனா இதில எங்கட தாளமும் இரிக்கு, உன்ர பாட்டன்ர மத்தளமும் இரிக்கு" என்றார். அதற்கு மேல் ஒரு பாராட்டும் சொல்லவில்லை. நமக்கும் வேறு வேண்டியிருக்கவில்லை.

அந்த மெட்டுக்குச் சொல் அமையவில்லை, மேடையும் ஏறவில்லை. 1980இலே மகள் பிறந்தாள். தொட்டிலை ஆட்டும்போது அதனை 'ஆராரோ' என்று முணுமுணுத்தோம். அவ்வளவே அதன் அரங்கேற்றம். 1983இன் பின் குழு சிதறியது. ஒருவர் கனடாவுக்கும் ஒருவர் ஜெர்மனிக்கும் போயினர். ஒருவர் எங்கே போனார் என்பதை இன்றுவரை அவர் தாயாரும் அறியாமலே கண்ணை மூடினார். இரவிலே வெளியே போக இயலாத ஆண்டுகளில் இரவு வாசிப்பு எங்ஙனம் நடக்கும்? 2004 டிசம்பர் 26இலே கடல் பொங்கி வந்தபோது, டச்பார்ப் பகுதியிலே பறங்கியக் குடும்பங்கள் பல அழிந்தன. நம் பெரியவர் அதற்கு முன்பே காலமாகிவிட்டார். அங்கே குடியேறியிருந்த அவர் மகனின் வீட்டோடு, அந்தப் பிடிலும் போயிற்று.

இதுவே நம் கணக்கு. நாற்பது ஆண்டு வாசிப்பு. பிறர் பாட்டு நூற்றுக்கணக்கில். சொந்த மெட்டு ஒன்றே ஒன்று. வரவை விடச் செலவு கூடுதல் என்று எந்தக் கணக்காளரும் சொல்வார். ஆனால் அந்த ஒரு மெட்டை அழித்துவிட்டு அதற்குப் பதிலாக அரசாங்க உத்தியோகமும் ஓய்வூதியமும் தருகிறோம் என்றால், ஏற்போமா? நம் மனத்தைத் தொட்டுக் கேட்டோம். மனம் மறுமொழி சொல்லாமலே இருந்தது. அதுவே மறுமொழி.

இந்த நிலையிலேதான் பேரனை அழைத்தோம். கிற்றாரோடு வரச் சொன்னோம். "உங்கட ரொக்கிலே என்ன இருக்கிறது? ஒன்றை வாசி" என்றோம். அவன் ஒலிபெருக்கியைத் திருகி, இரண்டே சுரங்களைச் சேர்த்து ஓங்கி அடித்தான். சுவர் அதிர்ந்தது. நம் நெஞ்சும் அதிர்ந்தது. படுவான்கரையிலே பாய் வழியாக ஏறிய அதே அதிர்வு!

"இந்த இரண்டு சுரமும் என்ன?" என்று கேட்டோம். அடிச்சுரமும் ஐந்தாஞ் சுரமும் என்றான். ஸ, ப என்று சங்கீதக்காரர் சொல்வர். குரல், இளி என்று பழந்தமிழர் பெயர் வைத்தனர். மூன்று நான்கு சுரங்களைச் சேர்க்காமல் இவ்விரண்டை மட்டும் ரொக் இசைஞர் விரும்புவதற்குக் காரணம் உண்டு. ஒலிபெருக்கியை அதன் அளவுக்கு மீறி உந்தும்போது ஒலியலையின் உச்சி வெட்டுண்டு கரகரப்புப் பிறக்கிறது. அந்தக் கரகரப்பினூடே பல சுரங்களைச் செலுத்தினால் ஒன்றோடொன்று மோதி இரைச்சலாகிவிடும். குரலும் இளியுமோ இரண்டுக்கு மூன்று என்னும் எளிய விகிதத்திலே நிற்பவை. எத்துணை உந்தினாலும் பகைப்பதில்லை.

அவனுக்கு அளவுநாடாவைத் தந்து தந்தியை அளக்கச் சொன்னோம். கிற்றாரின் கழுத்திலே பன்னிரண்டாவது குறுக்குக் கம்பி, தந்தி நீளத்தின் சரிபாதியிலே நிற்கிறது. அங்கே குரல் மேல் தானத்திலே ஒலிக்கிறது. ஏழாவது கம்பியிலே அழுத்தினால் அதிரும் பகுதி ஏறத்தாழ மூன்றில் இரண்டு, அங்கே இளி. "இந்தக் கணக்கை நம் ஊர் மனிதர் ஒருவர் எழுதி வைத்திருக்கிறார், தெரியுமா?" என்றோம். விபுலானந்த அடிகளைத் துறவியாகவும் தமிழ்ப் பேராசிரியராகவும் மட்டுமே அவன் அறிந்திருந்தான்.

1892இலே காரைதீவிலே பிறந்த அடிகள் விஞ்ஞானப் பட்டதாரி. விஞ்ஞான ஆசிரியராகவும் இருந்தவர். சிலப்பதிகாரத்தின் அரங்கேற்று காதையிலே யாழைப் பற்றி வரும் சில அடிகளுக்குப் பொருள் காணப் புகுந்து, மறைந்துபோன யாழின் சுரங்களையெல்லாம் கணிதத்தாலே மீட்டெடுக்க முனைந்தார். நீரர மகளிர் இசைப்பதாக நம் வாவியின் பாட்டைக் கவிதையாகவும் வடித்தார். பல்லாண்டு உழைப்பின் பயனாகிய 'யாழ் நூல்' 1947 ஜூன் மாதத்திலே தமிழ்நாட்டுத் திருக்கொள்ளம்பூதூரிலே அரங்கேறிற்று. அடுத்த மாதம் 19ஆந் திகதி அடிகள் மறைந்தார். கல்லடி உப்போடையிலே, அவர் கட்டியெழுப்பிய சிவானந்த வித்தியாலயச் சூழலிலே அவரது சமாதி இருக்கிறது. பேரன் நாள்தோறும் அந்த வழியாலேதான் ரியூசனுக்குப் போகிறான்!

"இசைக்கு உந்துதல் எங்கிருந்தோ வானத்திலிருந்து வருவதென்று நினையாதே. அது கேட்கிற காதிலே வருகிறது. வந்ததை நிலைநிறுத்துவது கணக்கும் உழைப்பும். உன் பௌதிகப் புத்தகத்திலே இருக்கும் அலைகளும் இந்தத் தந்தியிலே இருக்கும் அலைகளும் வேறல்ல" என்றோம். அவன் ஒன்றும் சொல்லவில்லை. ஆனால் அளவுநாடாவைத் திருப்பித் தரவுமில்லை.

சித்திரைப் பூரணையன்று இரவு, பழக்கமான மீனவர் ஒருவரின் தோணியிலே அவனை ஏற்றிக்கொண்டு போனோம். 2013இலே திறக்கப்பட்ட புதிய கல்லடிப் பாலத்திலே வாகனங்கள் இரைந்தன. பக்கத்திலே வெள்ளைக்காரர் காலத்து இரும்புப் பாலம் ஓய்வு பெற்ற உத்தியோகத்தரைப்போல் அமைதியாக நின்றது. பாலத்தை விட்டு விலகி, தோணியை நிறுத்தி, நெடுநேரம் காத்திருந்தோம். பின்பு துடுப்பை இறக்கிக் காதைப் பதித்தோம். நமக்கு ஒரே ஒரு தடித்த சுரம், தம்பூராவின் கீழ்த் தந்தியைப் போலக் கேட்டது.

பேரன் காதைப் பதித்தான். அவன் முகம் மாறியது. "அம்மப்பா, ஒண்டில்ல. மேல மெல்லிசா நாலஞ்சு கேக்குது" என்றான்.

மறுபடி நாம் காதை வைத்தோம். தடித்த சுரம் ஒன்றுதான். ஒலிபெருக்கியின் பக்கத்திலே ஆண்டுக்கணக்காக நின்ற நம் செவிகளிலே மெல்லிய உயர்சுரங்கள் செத்துப்போயின என்று மருத்துவர் முன்பே சொல்லியிருந்தார். ஆயினும் அன்றுதான் அந்த இழப்பின் அளவு தெரிந்தது. எந்தப் பாட்டிலிருந்து நம் பாட்டுப் பிறந்ததோ, அதன் மேற்பாதி நமக்கு இனி இல்லை. இதனை அவனிடம் மறைக்கவில்லை. "காதிலே அடைப்பு வைக்காமல் இனி ஒரு நாளும் அந்தப் பெட்டியின் பக்கத்திலே நில்லாதே" என்றோம். நாம் அவனுக்குச் சொன்ன புத்தியிலே உறுதியாகச் சொன்னது இது ஒன்றுதான்.

கிற்றாரை மூடி வைக்கச் சொன்னோமா என்று மகள் கேட்டாள். சொல்லவில்லை என்றோம். பரீட்சையை எழுதி முடி, கைக்கு ஒரு தொழிலைத் தேடு, வாசிப்பை விடாதே என்று மூன்றையும் சொன்னதாகச் சொன்னோம். அவளுக்கு அது பிடிக்கவில்லை. "மூண்டையும் ஒருத்தன் எப்படி அப்பா செய்யிற?" என்று கேட்டாள். நியாயமான கேள்வி. நாம் செய்தோம் என்று சொல்லலாம். நன்றாகச் செய்தோம் என்று சொல்ல இயலாதே!

இரண்டு கிழமை கழித்து அவள் வீட்டிலே மதியச் சாப்பாடு. பேரன் உள்ளறையிலே வாசித்துக்கொண்டிருந்தான். கரகரப்பைக் குறைத்து, குரலும் இளியும் அடியிலே நிற்க, மேலே ஒரு மெட்டைத் தவழவிட்டான். நாம் சோற்றிலே கை வைத்தபடி அப்படியே இருந்துவிட்டோம். அடுப்பங்கரையிலிருந்து மகள் அகப்பையோடு வெளியே வந்தாள்.

"இது எங்க பழகினே, மனே?"

"நீங்கதானே அம்மா சோறாக்கக்குள்ள எந்நாளும் படிப்பீங்க!" என்றான் அவன்.

மகள் நம்மைத் திரும்பிப் பார்த்தாள். நாம் இலையைப் பார்த்தோம். அவளுக்கு அது தொட்டில் மெட்டு. அவனுக்கு அடுப்பங்கரை மெட்டு. நமக்கு அது சூறாவளியின் பின்வந்த இருட்டு. ஓர் அரங்கிலும் ஏறாத பாட்டு, நாம் அறியாமலே இந்த வீட்டிலே நாற்பது ஆண்டுகளுக்கு மேலாக ஒலித்துக்கொண்டிருந்திருக்கிறது.

சற்று நேரம் நின்றவள், "ஒன்பது மணிக்கு மேல வாசிக்கக் கூடாது. புத்தகம் முதல்ல" என்று சொல்லிவிட்டு உள்ளே போனாள். மூடி வை என்ற பேச்சு அன்று எழவில்லை. நாளை எழலாம்; பரீட்சை இன்னும் முடியவில்லை. பெறுபேறு வந்த பின்புதான் அவன் வழியும் தெரியும்.

ஆனால் ஒன்று. அன்று பந்தியிலே நம்மிடம் கேட்ட அந்தப் பெரியவரைப் போல், இனி எவரேனும் நம்மைத் தொழில் என்னவென்று கேட்பாராயின், "கச்சேரியிலே" என்று சொல்லித் தப்ப மாட்டோம். "கிற்றார் வாசிக்கிறோம், வானொலியும் திருத்துவோம்" என்று நேராகவே சொல்லுவோம்.